டீசல் வண்டி விற்பனைக்கு வருமுன்
புகைச் சோதனையும் வகை ஒப்புதலும்

நமது நாட்டின் சரக்குப் போக்குவரத்தில் பெரும் பகுதியைச் சுமந்து செல்வது டீசல் யந்திரமே. பஞ்சாபின் கோதுமையும், நாசிக்கின் வெங்காயமும், கடற்கரை ஊர்களின் உப்பும் டீசல் லாரிகளில் ஏறியே தொலைதூரச் சந்தைகளை அடைகின்றன. கிராமத்து மாணவன் பள்ளிக்கு வரும் பஸ்ஸும், அவன் தந்தை வயலில் ஓட்டும் டிராக்டரும் டீசலையே குடித்து இயங்குகின்றன. புதிய வண்டி ஒன்றை வாங்கச் செல்வோர் அதன் விலையைக் கேட்கின்றனர். எத்தனை டன் பாரம் ஏற்றலாம், ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்றெல்லாம் வினவுகின்றனர். ஆனால், இவ்வண்டியை விற்பதற்கு எவர் அனுமதி அளித்தார், எதனைச் சோதித்து அளித்தார் என்று கேட்போர் மிகச் சிலரே. இவ்வனுமதியின் பின்னே நுட்பமான விஞ்ஞானமும், நீண்ட சட்ட வரலாறும் அடங்கியுள்ளன. வெளிக்களத்தில் மக்களோடு பழகும் ஊழியரும், வகுப்பில் மாணவர்க்கு விளக்கும் ஆசிரியரும் இதனை அறிந்திருத்தல் பெரிதும் பயன் தரும்.

புகை பிறக்கும் விதம்

ருடால்ப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியியலார் தமது யந்திரத்தை 1897-ஆம் ஆண்டில் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். பெட்ரோல் யந்திரத்தில் மின்பொறி எரிபொருளைப் பற்றவைக்கிறது. டீசல் யந்திரத்திலோ மின்பொறிக்கு வேலையில்லை. சிலிண்டருக்குள் இழுக்கப்பட்ட காற்றை, அதன் கன அளவில் ஏறத்தாழப் பதினாறில் ஒரு பங்காகும்வரை பிஸ்டன் நெருக்குகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பின் அடிப்பகுதி சூடேறுவதை நாம் அறிவோம். அவ்வாறே நெருக்குண்ட காற்றின் உஷ்ணநிலை 500 டிகிரி சென்டிகிரேடுக்கும் மேலே உயர்கிறது. அத்தருணத்தில் டீசல் எண்ணெய் நுண்ணிய துளிகளாகப் பீச்சப்பட, அது தானாகவே தீப்பற்றிக் கொள்கிறது.

இங்கேதான் தொல்லையும் பிறக்கிறது. எண்ணெயும் காற்றும் சீராகக் கலப்பதற்கு ஒரு விநாடியில் மிகச் சிறு பகுதியே அவகாசம் உண்டு. ஆகவே சிலிண்டரின் சில இடங்களில் எண்ணெய் மிகுந்தும் பிராணவாயு குறைந்தும் இருக்கும். அங்கே எண்ணெய் முற்றும் எரியாமல் கரித்துகளாக மிஞ்சுகிறது. வேறு சில இடங்களிலோ காற்று மிகுந்து, சுடர் மிகக் கடுமையான வெப்பத்தை அடைகிறது. அவ்வெப்பத்தில், சாதாரணமாக எதனோடும் எளிதில் சேராத நைட்ரஜனும் பிராணவாயுவோடு கூடி நைட்ரஜன் ஆக்ஸைடுகளாக மாறுகிறது. முன்னது கண்ணுக்குத் தெரியும் கரும்புகை. பின்னது பெரும்பாலும் கண்ணுக்குப் புலப்படாதது.

இவ்விரண்டும் துலாக்கோலின் இரு தட்டுகள் போன்றவை. சுடரின் வெப்பத்தைக் குறைத்தால் நைட்ரஜன் ஆக்ஸைடுகள் குறையும். ஆனால் கரித்துகள் பெருகும். வெப்பத்தைக் கூட்டினால் கரி எரிந்துபோகும். நைட்ரஜன் ஆக்ஸைடுகள் ஏறிவிடும். யந்திரத்தைத் திருத்துவதால் மட்டுமே இரண்டையும் ஒருங்கே பெரிதும் அடக்கிவிட இயலாது. டீசல் வண்டிக்கு விதிகள் வகுத்தோரும், அவ்விதிகளுக்கு ஏற்ப வண்டி செய்தோரும் எதிர்ப்பட்ட முதற் சிக்கல் இதுவேயாகும்.

சுகாதாரக் கேட்டைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். இக்கரித்துகள்கள் மூக்கின் மயிரிலும் தொண்டையின் ஈரத்திலும் தங்கிவிடும் சாதாரணப் புழுதியைப் போன்றவை அல்ல. நுரையீரலின் மிக உள்ளான சிற்றறைகள்வரை செல்லத்தக்க நுண்மை உடையவை. உலகச் சுகாதார ஸ்தாபனத்தைச் சார்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம், 2012-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், டீசல் புகை மனிதர்க்குப் புற்றுநோய் விளைவிப்பது என்று உறுதியாக வகைப்படுத்தியது. நைட்ரஜன் ஆக்ஸைடுகளோ மூச்சுக்குழலை உறுத்துவதோடு, சூரிய ஒளியில் வேறு வாயுக்களோடு வினைபுரிந்து, தரைமட்டத்தில் ஓசோன் உண்டாகவும் காரணமாகின்றன.

அளவுகோல் ஏற்பட்ட வரலாறு

இந்தியாவில் 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், புகைக்கு ஓர் எல்லையை வகுத்தன. டீசல் வண்டிகளின் புகை அடர்த்தி 65 ஹார்ட்ரிட்ஜ் அலகுகளைத் தாண்டலாகாது என்பது அவ்வெல்லை. தெளிந்த காற்றைச் சூன்யம் என்றும், ஒளி சிறிதும் ஊடுருவாத புகையை 100 என்றும் கொண்டு வகுத்த அளவை அது. பின்னர் 1992-இல், டீசல் வண்டி வெளியிடும் வாயுக்களின் நிறையையே அளந்து கட்டுப்படுத்தும் விதிகள் வந்தன. 1996-இல் அவை கடுமையாக்கப்பட்டன.

தலைநகரின் காற்று மிகவும் கெட்டுவிட்ட நிலையில், சுப்ரீம் கோர்ட் 1999-ஆம் ஆண்டு ஏப்ரலில் ஓர் உத்தரவு பிறப்பித்தது. அதன்படி தில்லிப் பிரதேசத்தில் புதிய தனியார் கார்கள், ஐரோப்பாவில் வழங்கிய முதல், இரண்டாம் கட்ட அளவுகளை முறையே 1999 ஜூன், 2000 ஏப்ரல் முதல் நிறைவேற்ற வேண்டியதாயிற்று. 2000-ஆம் ஆண்டு ஏப்ரலில் ‘பாரத் ஸ்டேஜ்’ எனப்படும் படிகளில் முதற்படி நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது. நாட்டிற்கு நிலையான கொள்கை ஒன்று வேண்டும் என்று கருதிய மத்திய அரசாங்கம், 2001-இல் விஞ்ஞானி ரகுநாத் மாஷேல்கர் தலைமையில் நிபுணர் குழுவொன்றை அமைத்தது. அக்குழுவின் யோசனைகளை ஒட்டி, 2003-இல் வாகன எரிபொருட் கொள்கை வெளியாயிற்று.

அதன் பின்னர் படிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இரண்டாம் ஸ்டேஜ் 2005-இல் நாடெங்கும் பரவியது. 2010-இல் மூன்றாம் ஸ்டேஜ் நாடெங்கும், நான்காம் ஸ்டேஜ் 13 நகரங்களிலும் மட்டும் ஏற்பட்டன. சென்னையும் அவற்றுள் ஒன்று. 2017 ஏப்ரல் 1 முதல் நான்காம் ஸ்டேஜ் நாடு முழுவதற்கும் பொதுவாயிற்று. ஐந்தாம் ஸ்டேஜைத் தாண்டி நேராக ஆறாவதற்குச் செல்வதென்று 2016 ஜனவரியில் அரசாங்கம் முடிவுசெய்தது; அதன்படி 2020 ஏப்ரல் 1 முதல் ஆறாம் ஸ்டேஜ் அமலுக்கு வந்தது.

இப்படிகளின் பொருளை ஒரு கணக்கால் விளங்கிக் கொள்ளலாம். டீசல் காருக்கு அனுமதிக்கப்பட்ட துகளின் அளவு, கிலோமீட்டர் ஒன்றுக்கு, முதல் ஸ்டேஜில் 0.14 கிராம், இரண்டாவதில் 0.08, மூன்றாவதில் 0.05, நான்காவதில் 0.025, ஆறாவதில் 0.0045. கார் ஒன்று ஓராண்டில் 10,000 கிலோமீட்டர் ஓடுவதாகக் கொண்டால், முதல் ஸ்டேஜில் அது 1,400 கிராம் துகளை வெளியிடலாம். ஆறாம் ஸ்டேஜிலோ 45 கிராமுக்கு மேல் வெளியிடலாகாது. மேலும் ஆறாம் ஸ்டேஜில் துகளின் எடைக்கு மட்டுமன்றி, எண்ணிக்கைக்கும் எல்லை விதிக்கப்பட்டது. மிக நுண்ணிய துகள்கள் எடையில் அற்பமாயினும் எண்ணிக்கையில் ஏராளமாக இருக்கக்கூடும் அன்றோ? நைட்ரஜன் ஆக்ஸைடுகளின் எல்லை, நான்காவதில் கிலோமீட்டருக்கு 0.25 கிராமாக இருந்தது, ஆறாவதில் 0.08 கிராமாயிற்று.

முதலில் எண்ணெய், பின்னர் யந்திரம்

துலாக்கோலின் இரு தட்டுகளையும் ஒருங்கே தாழ்த்த வேண்டுமாயின், புகையை யந்திரத்திற்கு வெளியே, குழாயிலேயே சுத்தி செய்தல் வேண்டும். ஆறாம் ஸ்டேஜின் டீசல் வண்டிகளில் இதற்கெனப் பல கருவிகள் அமைந்துள்ளன. தேன்கூடு போன்ற துளைகளை உடைய பீங்கான் வடிகட்டி கரித்துகளைப் பிடித்து வைக்கிறது. சேர்ந்த கரி அவ்வப்போது உயர்ந்த வெப்பத்தில் எரிக்கப்படுகிறது. நைட்ரஜன் ஆக்ஸைடுகளை அழிக்க, லாரிகளிலும் பஸ்களிலும் பல கார்களிலும், 32.5 சதவிகித யூரியாக் கரைசல் சூடான புகையில் தெளிக்கப்படுகிறது. யூரியாவிலிருந்து பிறக்கும் அம்மோனியா, கிரியாஊக்கி ஒன்றின் முன்னிலையில் நைட்ரஜன் ஆக்ஸைடுகளோடு வினைபுரிந்து, தீங்கற்ற நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றிவிடுகிறது.

இக்கருவிகளுக்குப் பரம விரோதி கந்தகம். டீசல் எண்ணெயில் உள்ள கந்தகம் எரிந்து, கிரியாஊக்கியின் பரப்பை மூடி அதனைச் செயலற்றதாக்குவதோடு, தானும் துகளாகி வடிகட்டியை அடைக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் நம் நாட்டு டீசலில் பத்து லட்சம் பங்குக்கு 10,000 பங்குவரை, அஃதாவது நூற்றுக்கு ஒன்றுவரை, கந்தகம் இருக்கலாம் என்று விதி இருந்தது. படிப்படியாக 2,500, 500, 350, 50 எனக் குறைந்து, ஆறாம் ஸ்டேஜில் அது 10 ஆயிற்று. ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிய இம்மாற்றம், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் புதிய பகுதிகளை நிறுவியே சாத்தியமாயிற்று.

2010 முதல் 2017 வரை நிலவிய இரட்டை நிலையின் குறையும் இதனாலேயே விளங்கும். நகரத்தில் நல்ல எண்ணெய், புறத்தே வேறு எண்ணெய் என்றிருந்தபோது, மாகாணந் தாண்டி ஓடும் லாரி எங்கே எண்ணெய் நிரப்பும் என்பதை எவரும் கட்டுப்படுத்த இயலவில்லை. காற்றுக்கு நகர எல்லை கிடையாது, லாரிக்கும் கிடையாது. எண்ணெய் நாடெங்கும் ஒன்றானாலன்றி வண்டியும் ஒன்றாக இயலாது என்ற பாடத்தை அவ்வாண்டுகள் புகட்டின.

வகை ஒப்புதல் கிடைக்கும் முறை

மத்திய மோட்டார் வாகன விதிகளில் 126-ஆம் விதி, புதிய வண்டி வகை ஒன்றை உற்பத்தி செய்வோர், அதன் மாதிரியை அரசாங்கம் குறிப்பிட்ட சோதனை நிலையம் ஒன்றில் ஒப்படைத்துத் தகுதிச் சான்று பெறவேண்டும் என்கிறது. புனாவில் 1966-இல் ஏற்பட்ட இந்திய மோட்டார் ஆராய்ச்சிச் சங்கம், அஹமத் நகரில் உள்ள பாதுகாப்புத் துறையின் வாகன ஆராய்ச்சி நிலையம், ஹரியானாவின் மானேசர் நிலையம், சென்னைக்கு அருகே ஒரகடத்தில் உள்ள நிலையம் முதலியன இப்பணியைச் செய்வன. டிராக்டர் முதலிய வேளாண்மை யந்திரங்களை மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள மத்திய நிலையம் சோதிக்கிறது.

காரைச் சோதிக்கும் விதம் இது: வண்டி சாலையில் ஓடுவதில்லை; கூடத்தினுள், சுழலும் உருளைகளின்மீது அதன் சக்கரங்கள் நிற்கின்றன. வண்டியின் எடைக்கும் காற்றின் எதிர்ப்புக்கும் ஈடான பாரத்தை உருளைகள் தருகின்றன. ஓட்டுநர் முன்னே திரையில் ஒரு கோடு ஓடும். அக்கோட்டின்படியே வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் நிறுத்தியும் 1,180 விநாடிகள் ஓட்டவேண்டும். நம் நாட்டு முறையில் உச்ச வேகம் மணிக்கு 90 கிலோமீட்டர். வெளிவரும் புகை முழுவதும் அளவான சுத்தக் காற்றோடு கலக்கப்பட்டு, ஒரு பகுதி பைகளில் சேர்கிறது. துகள்கள் வடிதாளில் படிகின்றன. தாளைச் சோதனைக்கு முன்னும் பின்னும் நிறுத்துப் பார்த்தால் துகளின் எடை தெரியும். 3.5 டன்னுக்கு மேற்பட்ட கனரக வண்டிகளுக்கோ, யந்திரம் மட்டும் தனியே மேடையில் ஏற்றிச் சோதிக்கப்படுகிறது. விளைவும் கிலோமீட்டருக்கு இத்தனை கிராம் என்று கூறப்படாமல், கிலோவாட்-மணி ஒன்றுக்கு இத்தனை கிராம் எனக் கூறப்படுகிறது.

மாதிரி தேறினால் சான்று கிடைக்கும். அச்சான்றின் பலத்தில், உற்பத்தியாளர் ஒவ்வொரு வண்டியுடனும் 22-ஆம் நமூனாவில் ஒரு பத்திரம் தருகிறார். இவ்வண்டி புகை விதிகளையும் பாதுகாப்பு விதிகளையும் நிறைவேற்றியது என்னும் உறுதிமொழி அதுவே. அப்பத்திரத்தைக் கண்டே போக்குவரத்து அலுவலகம் வண்டியைப் பதிவு செய்கிறது. பதிவில்லாத வண்டி சாலையில் ஓடலாகாது. ஆகவே, விற்கும் உரிமை என்பது இறுதியில் பதிவு பெறும் உரிமையே ஆகும்.

மாதிரி ஒன்று, வண்டி ஆயிரம்

இங்கே நாம் நின்று சிந்திக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. சோதனை நிலையத்தில் தேறியது ஒரு வண்டி. விற்பனைக்கு வருவனவோ ஆயிரக் கணக்கானவை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று நம் மக்கள் கூறுவர். அப்பழமொழி மெய்யாவதற்கு இரண்டு நிபந்தனைகள் உள. பானை முழுதும் ஒரே சீராக வெந்திருத்தல் வேண்டும். எடுக்கும் சோற்றைச் சமைத்தவரே பொறுக்கித் தருதல் கூடாது. வகை ஒப்புதல் முறையின் பலமும் பலவீனமும் இவ்விரு நிபந்தனைகளில்தாம் அடங்கியுள்ளன.

இதற்காகவே விதிகளில் மற்றொரு சோதனையும் உண்டு. தொழிற்சாலையில் உற்பத்தியாகும் வண்டிகளிலிருந்து குறித்த கால இடைவெளியில் சிலவற்றை எடுத்து, அவை ஒப்புதல் பெற்ற மாதிரியைப் போன்றே உள்ளனவா என்று சோதனை நிலையம் பார்க்கிறது. ஆயினும் இதனையும் ஏமாற்ற இயலும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று கிடைத்தது. 2013-ஆம் ஆண்டு ஜூலையில், ஜெனரல் மோட்டார்ஸின் இந்திய நிறுவனம் டீசலில் ஓடும் ‘டவேரா’ வண்டிகளில் சுமார் 1,14,000-ஐத் திரும்ப அழைத்தது. புகை குறைவான யந்திரங்களைத் தேர்ந்தெடுத்து ஒதுக்கி வைத்து, அரசாங்கச் சோதனைக்குரிய வண்டிகளில் சில ஊழியர்கள் பொருத்தி வந்தனர் என்று அந்நிறுவனமே அரசாங்கத்திற்குத் தெரிவித்தது. சோற்றைப் பொறுக்கித் தந்த கதை இது.

இரண்டாண்டுகளின் பின் வேறொரு வகை ஏமாற்று வெளிப்பட்டது. அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியப் பல்கலைக் கழக ஆராய்ச்சியாளர் டீசல் கார்களில் அளவுக் கருவியை ஏற்றி, சாதாரணச் சாலைகளில் ஓட்டிப் பார்த்தனர். சோதனைக் கூடத்தில் தேறிய கார்கள், சாலையில் எல்லையைப் போலப் பன்மடங்கு நைட்ரஜன் ஆக்ஸைடுகளை வெளியிட்டன. தாம் சோதிக்கப்படுவதை உணர்ந்து, அப்போது மட்டும் ஒழுங்காக நடக்கும் கணிப்பொறி நிரல் போக்ஸ்வாகன் நிறுவனத்தின் கார்களில் இருந்தது என்று அமெரிக்க அரசாங்கம் 2015 செப்டம்பரில் அறிவித்தது. உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்களில் அந்நிரல் இருந்ததாக அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது.

முதலாவதில் மாதிரி பொய்யாயிற்று. இரண்டாவதில் சோதனையே பொய்யாயிற்று. இரண்டிலும் சான்றிதழ் மட்டும் ஒழுங்காகவே இருந்தது. இவ்வனுபவங்களுக்குப் பின் விதிகள் மேலும் இறுகின. மோட்டார் வாகனச் சட்டத்திற்கு 2019-இல் செய்த திருத்தம், குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்குமாறு உற்பத்தியாளருக்கு உத்தரவிடும் அதிகாரத்தை அரசாங்கத்திற்கு அளித்தது. 2023 ஏப்ரல் 1 முதல், கார்கள் கூடத்தில் மட்டுமன்றி, எடுத்துச் செல்லத்தக்க கருவியைப் பூட்டிச் சாலையில் ஓட்டிய சோதனையிலும் தேறவேண்டும் என்பது கட்டாயமாயிற்று. சாலையின் மேடு பள்ளமும், நெரிசலும், வெயிலும் வண்டிக்கு முன்கூட்டித் தெரிந்தவை அல்ல. ஆகவே அவற்றின்முன் நடிப்பது கடினம்.

உற்பத்தித் தேதியா, விற்பனைத் தேதியா?

விதி ஒன்று மாறும் நாளில், பழைய விதிப்படி செய்து விற்காமல் நிற்கும் வண்டிகளின் கதி என்ன? எளியதாகத் தோன்றும் இக்கேள்வி, 2017-இல் நாட்டின் உச்ச நீதிமன்றம்வரை சென்றது. நான்காம் ஸ்டேஜ் 2017 ஏப்ரல் 1 முதல் என்று விதி கூறிற்று. அது உற்பத்திக்கே எல்லை, விற்பனைக்கு அன்று என்று உற்பத்தியாளர் வாதித்தனர். 2005-லும் 2010-லும் பழைய சரக்கை விற்றுத் தீர்க்க அனுமதி இருந்ததையும் சுட்டிக் காட்டினர். அப்போது தேங்கி நின்ற மூன்றாம் ஸ்டேஜ் வண்டிகள், இருசக்கர வாகனங்கள் முதல் லாரிகள் வரை, ஏறத்தாழ 8 லட்சத்து 24 ஆயிரம்.

நீதிமன்றம் 2017 மார்ச் 29-ஆம் தேதி தீர்ப்பளித்தது. மக்களின் ஆரோக்கியம் வியாபார நலத்தினும் மிக முக்கியமானது என்று கூறி, ஏப்ரல் 1 முதல் அவ்வண்டிகளின் விற்பனையையும் பதிவையும் தடுத்தது. மார்ச் 31-க்குள் விற்றவற்றிற்கு மட்டும் பதிவை அனுமதித்தது. எஞ்சிய இரு நாட்களில் கடைகளில் பெருந் தள்ளுபடியும் நெரிசலும் உண்டாயின. அடுத்த படிக்கு இக்குழப்பம் நேராதிருக்க, 2020 ஏப்ரல் 1-க்குப் பின் நான்காம் ஸ்டேஜ் வண்டி எதனையும் விற்கவோ பதியவோ கூடாது என்று 2018 அக்டோபர் 24-லேயே நீதிமன்றம் கூறிவிட்டது.

ஆயினும் அந்நாள் நெருங்கியபோது கொரோனாத் தொற்றும் ஊரடங்கும் வந்தன. விற்காத வண்டிகளில் பத்தில் ஒரு பங்கை, தில்லிப் பிரதேசம் நீங்கலாக, ஊரடங்குக்குப் பின் பத்து நாட்களுள் விற்கலாம் என்று 2020 மார்ச் 27-இல் சலுகை அளிக்கப்பட்டது. நிபந்தனைகளை மீறி விற்பனை நடந்ததைக் கண்ட நீதிமன்றம், ஜூலை 8-இல் அச்சலுகையைத் திரும்பப் பெற்றது. இடைப்பட்ட நாட்களில் கடன் வாங்கி வண்டி வாங்கியோர், பதிவு கிட்டுமோ கிட்டாதோ என்று கலங்கி நின்றனர். ஆகஸ்டு 13-இல்தான், மார்ச் 31-க்குள் விற்று அரசாங்கத்தின் ‘வாகன்’ பதிவேட்டில் ஏற்றிய வண்டிகளுக்கு, தில்லிப் பிரதேசம் நீங்கலாக, பதிவு அனுமதிக்கப்பட்டது.

இதிலிருந்து தெளிவாவது யாதெனில், வகை ஒப்புதல் நிரந்தர உரிமை அன்று. அது ஒரு குறித்த விதிக்கும் குறித்த காலத்திற்கும் உட்பட்டது. விதி மாறவிருக்கும் தறுவாயில் மலிவு விலைக்கு வரும் வண்டியைக் கிராமத்து இளைஞர் ஒருவர் வாங்க எண்ணினால், விலையைக் கேட்குமுன் பதிவு கிடைக்கும் தேதியைக் கேட்குமாறு அவருக்கு அறிவுறுத்துவது வெளிக்கள ஊழியரின் கடமை.

களத்திலும் வகுப்பிலும் செய்யத்தக்கவை

சான்று பெற்ற வண்டி சுத்தமாகவே ஓடிக்கொண்டிருப்பது உரிமையாளரின் கையிலும் உள்ளது. பதிவு செய்து ஓராண்டு கழிந்ததும், ஒவ்வொரு வண்டிக்கும் புகைச் சான்று பெறவேண்டும். மூன்றாம் ஸ்டேஜ் வரையிலான வண்டிகளுக்கு அது ஆறு மாதமும், நான்காம், ஆறாம் ஸ்டேஜ் வண்டிகளுக்கு ஓராண்டும் செல்லும். டீசல் வண்டியின் விசைமிதியைத் திடீரென அழுத்தி, வெளிவரும் புகை ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்று இச்சோதனையில் பார்க்கின்றனர். புகையின் கருமையை மட்டுமே இது அளக்கிறது, நைட்ரஜன் ஆக்ஸைடுகளை அன்று என்பதை நினைவில் வைத்தல் நலம். புகை தெரியவில்லை என்பதால் வண்டி முற்றிலும் தூயது என்று கொள்ளலாகாது.

யூரியாக் கரைசல் வேண்டும் வண்டிகளைப் பற்றி வேளாண்மைப் பகுதிகளில் ஓர் எச்சரிக்கை அவசியம். வயலுக்கு இடும் யூரியாவை நீரில் கரைத்து ஊற்றினால் போதும் என்று சிலர் எண்ணுவதுண்டு. இது பெருந்தவறு. நம் நாட்டு உர யூரியா 2015 முதல் பெரும்பாலும் வேப்பெண்ணெய் பூசியே விற்கப்படுகிறது. அவ்வெண்ணெயும், உரத்தில் உள்ள பிற கலப்புகளும், சாதாரண நீரின் உப்புகளும் கிரியாஊக்கியைப் பாழாக்கும். அதற்கென வடித்த நீரில் செய்த கரைசலையே வாங்கவேண்டும். அவ்வாறே, டீசலில் மண்ணெண்ணெய் கலப்பது, அடைந்த வடிகட்டியைக் கழற்றிவிட்டு வெறுங்குழாய் பொருத்துவது, எச்சரிக்கை விளக்கு எரிந்தும் கவனியாதிருப்பது ஆகியவை, சோதனை நிலையம் அளித்த சான்றை வீட்டிலேயே கிழித்தெறிவதற்கு ஒப்பாகும்.

ஆசிரியர்கள் இதனை ஓர் எளிய சோதனையால் விளக்கலாம். மெழுகுவர்த்திச் சுடரின் நடுவே, இடுக்கியால் பிடித்த வெண்ணிறப் பீங்கான் துண்டைக் காட்டினால் கரி படியும். சுடரின் நுனிக்கு மேலே சற்று உயர்த்திப் பிடித்தால் கரி பெரிதும் குறையும். பிராணவாயு போதாத இடத்தில் கரி பிறக்கிறது, போதிய காற்று கலந்தபின் அது எரிந்துவிடுகிறது என்பது மாணவர்க்குக் கண்கூடாகும். பின்னர், மேலே தந்த துகளின் அளவுகளைக் கரும்பலகையில் எழுதி, தம் ஊரின் வழியே நாள்தோறும் செல்லும் கார்களின் எண்ணிக்கையால் பெருக்கச் செய்யலாம். முன்கண்ணாடியில் ஒட்டிய பதிவு அட்டையில் டீசலுக்கு ஆரஞ்சு நிறமும், ஆறாம் ஸ்டேஜ் காராயின் மேலே பச்சைப் பட்டையும் இருப்பதை அவர்கள் நிறுத்தி வைத்த வண்டிகளில் கண்டறியலாம். இவ்வாறு கணிதமும், ரசாயனமும், குடிமைப் பயிற்சியும் ஒரே பாடத்தில் ஒன்றுபடும்.

சட்டம் எல்லையை வகுக்கிறது. விஞ்ஞானம் அதனை அளந்து காட்டுகிறது. தொழிற்சாலை வண்டியைச் செய்கிறது. ஆனால் ஒரு வண்டியின் பொருட்டு அளித்த சான்று ஆயிரம் வண்டிகளுக்கும் மெய்யாக நிற்பதற்கு, உற்பத்தியாளரின் நேர்மையும், சோதிப்போரின் விழிப்பும், வாங்குவோரின் அறிவும் சேர்ந்து உழைத்தல் வேண்டும். இவற்றுள் மூன்றாவதை வளர்க்கும் பொறுப்பு பெரும்பாலும் ஆசிரியரையும் வெளிக்கள ஊழியரையும் சார்ந்தது. வண்டி வாங்கும் ஒருவர் 22-ஆம் நமூனாவைக் கேட்டு வாங்கிப் படிக்கும் பழக்கம் ஏற்பட்டாலே, அப்பணியில் ஒரு நல்ல தொடக்கம் அமைந்ததாகும்.